அவள் யார் என்பது யாருக்கெல்லாம் தெரியும்?

ஒரு பீரியட் படம், அதாவது பழைய காலத்தில் நடக்கும் கதை. மாளிகையில் விருந்து நடக்கிறது. நாயகி இன்னொருத்தியின் பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே வருகிறாள். நாயகனுக்கு அவளைப் பிடித்துப்போகிறது. அவளுக்கும்தான். இங்கிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு நம்மை உட்காரவைக்கப் போவது எது? ‘உண்மை வெளிவருமா?’ என்ற கேள்விதான் என்று முதலில் தோன்றும். ஆனால் வெளிவரும் என்பது டிக்கெட் வாங்கும்போதே நமக்குத் தெரியும். கடைசிவரை யாருக்கும் தெரியாமலே போகிற ரகசியத்துக்காக இத்தனை செட்டும் பட்டாடையும் போட்டு யாரும் படம் எடுக்க மாட்டார்கள்.

நம்மைப் பிடித்து வைப்பது வேறொரு கணக்கு. அவள் யார் என்பது இந்தக் காட்சியில் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது, யார் தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிறார்கள்? காட்சிக்குக் காட்சி இது மாறிக்கொண்டே இருக்கும். அடையாளத்தை மறைக்கும் பெண்ணைப் பற்றிய காதல் கதைகளில் திரைக்கதை எழுதுபவரின் பாதி உழைப்பு இந்தக் கணக்கைக் காப்பாற்றுவதிலேயே போகிறது. ஒருமுறை இதைப் பார்க்கப் பழகிவிட்டால், நானூறு ஆண்டு பழைய நாடகமும் போன வருடம் வந்த படமும் ஒரே வேலையைச் செய்வது தெரியும்.

முதலில் நம்மிடமிருந்தே தொடங்கலாம். பார்வையாளருக்கு ரகசியத்தை முன்பே சொல்லிவிடுவதா, மறைத்து வைப்பதா?

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1962இல் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூபோவுக்குக் கொடுத்த நீண்ட பேட்டியில் இதற்கு ஒரு பிரபலமான பதில் இருக்கிறது. மேசையைச் சுற்றிச் சிலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், திடீரென்று அடியிலிருந்த வெடிகுண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்குப் பதினைந்து வினாடி அதிர்ச்சி. அதே காட்சியில் குண்டு இருப்பதை முன்கூட்டியே காட்டிவிட்டால், அவர்கள் பேசுகிற வெட்டிப் பேச்சுகூடப் பதினைந்து நிமிடம் நம்மை நகம் கடிக்க வைக்கும். அவர் சும்மா சொல்லிவிட்டுப் போகவில்லை. 1958இல் எடுத்த ‘வெர்டிகோ’வில் இதைச் செய்தும் காட்டியிருந்தார். இறந்துபோனதாக நாயகன் நம்பும் பெண்ணும், பிறகு அவன் தெருவில் பார்க்கும் பெண்ணும் ஒருத்திதான் என்பதை மூல நாவல் கடைசிவரை மறைத்து வைத்திருந்தது. ஹிட்ச்காக் அதை வெகுமுன்பே, அவள் எழுதிக் கிழித்துப்போடும் ஒரு கடிதத்தின் மூலம் நமக்குச் சொல்லிவிடுகிறார். அது அன்றைய சான்ஃபிரான்சிஸ்கோவில் நடக்கிற கதை, பீரியட் படம் இல்லை. இருந்தாலும் இந்தப் பாடத்துக்கு அதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. கடிதக் காட்சிவரை நாம் அவன் பக்கம் நின்று ‘யார் இவள்?’ என்று கேட்டுக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு அவள் பக்கம் வந்து ‘இவன் கண்டுபிடித்துவிட்டால் இவள் கதி?’ என்று பயப்படத் தொடங்குகிறோம்.

ரகசியம் தெரிந்த கணத்தில் நாம் அவளுக்கு உடந்தை ஆகிவிடுகிறோம். நாயகன் நடனத்துக்கு நடுவே, “உங்களை எங்கேயோ பார்த்திருக்கிறேன்” என்கிறான் என்று வையுங்கள். நமக்கு எதுவும் தெரியாவிட்டால் அது பழசாகிப்போன காதல் வசனம். போன வாரம் அவன் வீட்டுச் சமையல்கட்டில் பாத்திரம் கழுவியவள் இவள்தான் என்று தெரிந்திருந்தால், அதே வசனம் கத்தி. ஒரே சொற்றொடர் அவனுக்கு ஒரு பொருளும் நமக்கு இன்னொரு பொருளும் தருவதை விமர்சகர்கள் நாடக முரண் என்பார்கள். பெயரை மறந்துவிட்டாலும் பரவாயில்லை.

நமக்கு அடுத்தபடியாக, கதைக்குள்ளேயே உண்மை தெரிந்த ஓர் ஆள் வேண்டும். பழைய வேலைக்காரி, தூரத்து மாமா, ஒரு மாலுமி, யாராவது. காரணம் எளிது: நாயகி யாரிடமாவது மனம்விட்டுப் பேசியாக வேண்டும், இல்லாவிட்டால் அவள் என்ன நினைக்கிறாள் என்று நமக்கு எப்படித் தெரியும்? அப்புறம், சந்தேகப்படும் ஆள் ஒருவர். இவரை எழுதுவது கடினம், பல படங்கள் இங்கேதான் சறுக்குகின்றன. சந்தேகப்படுபவரை வெறும் வில்லனாக்கிவிட்டால், அவர் கண்டுபிடிப்பதற்கு ‘கெட்டவர்’ என்பதைத் தவிர வேறு காரணமே இருக்காது. நாயகியை மற்றவர்களைவிடக் கூர்ந்து பார்க்க ஒருவருக்குச் சொந்தக் காரணம் இருக்க வேண்டும். பொறாமை, வேலை போய்விடும் என்கிற பயம், அல்லது அவரும் ஏதோ ஒன்றை மறைத்து வாழ்பவர் என்பது. கடைசியாகச் சொன்னது எனக்குப் பிடித்தது. வேடம் போடுபவருக்குத்தான் வேடத்தின் தையல் தெரியும்.

இந்தக் கதைகள் ஏன் பெரும்பாலும் பழைய காலத்தில் நடக்கின்றன? உடையழகு ஒரு காரணம்தான். ஆனால் அடிப்படையான காரணம் இன்னொன்று: அன்றைக்கு மறைக்க வேண்டிய அவசியமும் இருந்தது, மறைக்க வாய்ப்பும் இருந்தது.

அவசியத்துக்கு ஓர் உண்மைக் கதை. பிரெஞ்சுக் கடற்படைக் கப்பல்களில் பெண்கள் ஏறக் கூடாது என்பது 18ஆம் நூற்றாண்டு விதி. லூயி ஆந்துவான் தெ பூகன்வீல் தலைமையில் 1766இல் தொடங்கிய உலகப் பயணத்தில் பிலிபேர் கொமர்சோன் என்ற தாவரவியலாளர் போனார். அவருடைய உதவியாளராக ஆண் உடையில் ஏறியவர் ழான் பாரே என்ற பெண். செடிகொடி சேகரித்தார், மூட்டை சுமந்தார். 1768இல் தாஹிட்டித் தீவில் இறங்கியபோது அவர் பெண் என்பதை அங்கிருந்தவர்கள் கண்டுகொண்டதாகப் பூகன்வீலே எழுதிவைத்திருக்கிறார். உலகைச் சுற்றிவந்த முதல் பெண் என்று இன்று அறியப்படுபவர் அவர்தான். பிற்பாடு பிரெஞ்சு அரசே அவருக்கு ஓய்வூதியம் கொடுத்தது. (காகிதப்பூ என்று நாம் சொல்லும் போகன்வில்லாவுக்குக் கப்பல் தலைவரின் பெயர் போய்ச்சேர்ந்தது. செடிகளைத் தேடி மலையேறியவர்களில் பாரேயும் ஒருவர்.)

பாரிஸில் 1800இல் வந்த காவல்துறை ஆணை ஒன்று, ஆண் உடை அணிய விரும்பும் பெண் போலீஸிடம் அனுமதி பெற வேண்டும் என்றது. விலங்குகளை வரைவதில் பேர்பெற்ற ஓவியர் ரோசா பொனேர் 1850களில் அப்படி அனுமதிச் சீட்டு வாங்கித்தான் கால்சட்டை போட்டுக்கொண்டு சந்தைகளுக்குப் போனார். அந்த ஆணை இனி செல்லாது என்று பிரெஞ்சு அரசு வெளிப்படையாகச் சொன்னது 2013இல்! இப்படிப்பட்ட சட்டங்கள் இருந்த உலகத்தில் ஒரு பெண் வேடம் போடுவதற்குத் திரைக்கதையாசிரியர் தனியாகக் காரணம் தேட வேண்டாம். படிக்க, சொத்தைக் காப்பாற்ற, பிடிக்காத கல்யாணத்திலிருந்து தப்பிக்க, ஊர் விட்டு ஊர் போக என்று எதற்கும் வேடம் தேவைப்பட்டது.

வாய்ப்பு என்றது, அடையாளத்தைச் சரிபார்க்கும் வழிகள் இல்லாததை. பாஸ்போர்ட்டில் புகைப்படம் ஒட்டும் வழக்கமே முதல் உலகப் போர்க் காலத்தில்தான் வந்தது. அதற்கு முன்பு, நீங்கள் யார் என்பதற்குச் சாட்சி உங்கள் பேச்சு, ஓர் அறிமுகக் கடிதம், உங்கள் உடை. அதிலும் உடைக்கு இருந்த எடை நமக்கு இன்று புரிவது கஷ்டம். இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் 1574இல் வெளியிட்ட ஆணை, எந்தத் தகுதியில் இருப்பவர் எந்தத் துணி அணியலாம் என்று பட்டியலே போட்டது. ஊதா நிறப் பட்டு அரச குடும்பத்துக்கு. வெல்வெட்டுக்கும் தங்கச் சரிகைக்கும் தனித்தனி வரம்பு. உடையைப் பார்த்தே ஆளை முடிவுசெய்யப் பழகிய சமூகத்தில் உடையை மாற்றினால் ஆளே மாறிவிடுகிறார். ‘முகத்தைப் பார்த்தால் தெரியாதா என்ன?’ என்று நாம் இன்று கேட்கும் கேள்விக்குப் பதில் இதுதான். அவர்கள் முகத்துக்கு வருவதற்கு முன்பே துணியில் நின்றுவிட்டார்கள்.

மறைக்கப்படுவது என்ன என்பதைப் பொறுத்துக் கதையின் சுவை மாறும். பெண் என்பதை மறைத்தால் நகைச்சுவை சுலபமாக வரும், கூடவே உடல் பற்றிய பதற்றமும் வரும். குலத்தையோ பதவியையோ மறைத்தால் கேள்வி பணத்தையும் மரியாதையையும் சுற்றும். பழைய வாழ்க்கையை, செய்த குற்றத்தை மறைத்தால் மொத்தப் படமும் இருட்டாகும். நல்ல படம் ஒன்றோடு நிற்காது. ரூபன் மமூலியன் இயக்கி கிரேட்டா கார்போ நடித்த ‘குயீன் கிறிஸ்டினா’, 1933இல் வந்தது, இரண்டு மறைப்புகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்திருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்க்கத் தகுந்த படம்.

கதை 17ஆம் நூற்றாண்டு ஸ்வீடனில் நடக்கிறது. ஆட்சிச் சலிப்பிலிருந்து தப்பிக்க ஆண் உடையில் குதிரையேறிக் கிளம்புகிறாள் ராணி கிறிஸ்டினா. பனி கொட்டுகிறது. வழியில் ஒரு சத்திரம். அங்கே ஸ்பெயின் நாட்டுத் தூதர் அந்தோனியோவும் வந்து மாட்டிக்கொள்கிறார். அறை ஒன்றுதான் இருக்கிறது. எதிரில் இருப்பது ஓர் இளம் பிரபு என்று நம்பும் அவர், அறையைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதிக்கிறார். இப்போது கணக்கைப் பாருங்கள். அவள் பெண் என்பதும் ராணி என்பதும் நமக்குத் தெரியும். அவளுடைய பணியாளுக்கும் தெரியும். தூதருக்கு இரண்டுமே தெரியாது. அறைக்குள் மேலங்கியைக் கழற்ற வேண்டிய கட்டம் வரும்போது முதல் திரை விலகுகிறது. அவருக்கு இப்போது அவள் பெண் என்று தெரியும். அங்கே அவருக்கு வரும் நிம்மதியில் நகைச்சுவை இருக்கிறது. இந்த ‘இளைஞனிடம்’ ஏன் மனம் இப்படி ஈர்க்கப்படுகிறது என்று அவர் குழம்பிக்கொண்டிருந்ததை நாமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்.

இரண்டாவது திரை அப்படியே இருக்கிறது. காதல் மலர்ந்த பிறகும் அவர் ராணியைத்தான் காதலிக்கிறோம் என்று அறியாமல் இருக்கிறார். பிறகு அரசவைக்கு வந்து தலைநிமிர்ந்து பார்க்கும்போது அரியணையில் அவள். முதல் வெளிப்பாடு மகிழ்ச்சியாக முடிந்தது, இரண்டாவது அவமானமாக விழுகிறது. அவருக்கு வந்த கோபத்தை யோசித்துப் பாருங்கள். ‘பெண் என்பதை மறைத்தாய்’ என்று அவர் கோபப்படவில்லை. வேறொரு மன்னனின் தூதராக வந்தவர், தன்னைக் கேலிப் பொருளாக்கிவிட்டாளோ என்றுதான் புண்படுகிறார். ஒரே பெண்ணின் இரண்டு ரகசியங்களுக்கு ஒரே ஆண் இரண்டு விதமாக எதிர்வினை காட்டுகிறார். அதனால்தான் திரைக்கதையில் அவை தனித்தனியே, இவ்வளவு இடைவெளி விட்டு வருகின்றன. இரண்டும் ஒரே காட்சியில் உடைந்திருந்தால் நமக்கு வெறும் ஆச்சரியம்தான் மிஞ்சியிருக்கும்.

அந்தச் சத்திர அறையில் இன்னொரு காட்சி உண்டு. கிளம்பும் முன் அவள் அறையைச் சுற்றி மெதுவாக நடந்து கட்டில், சுவர், நூல் சுற்றும் ராட்டை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறாள். இந்த அறையை மனப்பாடம் செய்துகொள்கிறேன் என்கிறாள். நடைக்குத் தாளம் கிடைக்க மமூலியன் படப்பிடிப்பில் மெட்ரோனோம் கருவியை ஓடவிட்டார். காட்சியின் வலிமை எங்கிருந்து வருகிறது? அவள் ஏன் அப்படிச் செய்கிறாள் என்பது நமக்குப் புரிகிறது, கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும் அவருக்குப் புரியவில்லை. இங்கிருந்து வெளியே போனால் இந்தப் பெண்ணாக அவளால் இருக்க முடியாது.

உண்மை வரலாற்றிலும் கிறிஸ்டினா 1654இல் முடிதுறந்து, ஆண் உடையில் ஒரு பிரபுவின் பெயரைச் சூடிக்கொண்டுதான் நாட்டை விட்டுப் போனார். தூதருடனான காதல் மட்டும் ஹாலிவுட்டின் கைவரிசை.

இங்கிருந்துதான் இந்த வகைக் கதைகளின் நடுநரம்புக்கு வர முடியும். வேடம் என்றாலே பொய், வேடம் கலைந்தால் உண்மை என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் பல காட்சிகள் நமக்குப் பிடிபடாமல் போகும். சத்திரத்தில் இருந்த கிறிஸ்டினா, அரியணையில் இருந்தவளைவிடப் பொய்யானவளா? ராணியாக அவள் பேசுவதெல்லாம் எழுதிக்கொடுத்த வார்த்தைகள். பெயரில்லாத இளைஞனாக இருந்தபோதுதான் சிரிக்கிறாள், வாக்குவாதம் செய்கிறாள், காதலைப் பற்றித் தான் நினைப்பதைச் சொல்கிறாள். வேடத்தில் இருக்கும்போது மட்டுமே சொல்ல முடிகிற உண்மை ஒன்று நாயகியிடம் இருக்க வேண்டும். அது இல்லாத படத்தில் வேடம் வெறும் கதைத் தந்திரம்.

ஷேக்ஸ்பியர் ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தில் இதை அழகாகச் செய்திருக்கிறார். 1602 பிப்ரவரியில் லண்டன் வழக்கறிஞர்கள் கூடும் மண்டபத்தில் இது நடிக்கப்பட்டதாகக் குறிப்பு இருக்கிறது. கப்பல் உடைந்து அந்நிய நாட்டில் கரையேறும் வயோலா, சிசாரியோ என்ற இளைஞனாக மாறி ஓர்சினோ பிரபுவிடம் வேலைக்குச் சேர்கிறாள். அவரைக் காதலிக்கிறாள். அவரோ ஒலிவியாவிடம் காதல் தூது போகச் சொல்லி அவளையே அனுப்புகிறார். ஆண்களைப்போலப் பெண்களால் ஆழமாகக் காதலிக்க முடியாது என்று அவர் பிரசங்கம் செய்யும்போது, ‘என் அப்பாவுக்கு ஒரு மகள் இருந்தாள், அவள் ஒருவரைக் காதலித்தாள், கடைசிவரை சொல்லவே இல்லை’ என்ற பொருளில் அவள் பதில் சொல்கிறாள். முழு உண்மை. ஆனால் அது அவருக்குப் போய்ச் சேரவில்லை. பெண் உடையில் இருந்திருந்தால் இந்தப் பேச்சே நடந்திருக்காது, பிரபு ஒரு பெண்ணிடம் மனம் திறந்து வம்பளந்திருக்க மாட்டார். அன்றைய ஆங்கில மேடையில் பெண் வேடங்களைப் பையன்களே போட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பையன், பெண்ணாக நடித்து, அந்தப் பெண் பையனாக நடிக்கிறாள்.

இதே நாடகத்தில் இன்னொரு பிரச்சினையும் தலைகாட்டுகிறது: வேடத்தைக் காதலிக்கும் மூன்றாம் ஆள். தூது வந்த சிசாரியோவின் மேலேயே ஒலிவியாவுக்கு மனம் போய்விடுகிறது. வயோலாவைப் போலவே இருக்கும் இரட்டைச் சகோதரனைக் கொண்டுவந்து ஷேக்ஸ்பியர் இதைச் சமாளித்துவிட்டார். எல்லாருக்கும் இரட்டையர் கிடைப்பார்களா? பார்பரா ஸ்ட்ரைசண்ட் இயக்கி நடித்த ‘யென்டில்’ படத்தில் (1983) யூதச் சமய நூல்களைப் படிக்க ஆசைப்பட்டு ஆணாக மாறும் பெண், தான் விரும்பும் ஆணின் பழைய காதலியையே கல்யாணம் செய்துகொள்ள நேர்கிறது. அந்த இளம் மனைவி செய்த தவறு ஒன்றுமில்லை. நாயகியின் விடுதலைக்கு இன்னொருத்தி விலை கொடுக்கிறாள். இந்தக் கசப்பைத் தொட்டுவிட்டுப் போகவாவது துணிகிற படங்கள் குறைவு. பல படங்கள் அந்த மூன்றாம் பெண்ணைச் சிரிப்புக்கு விட்டுவிடுகின்றன.

சினிமாவுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. மேடையில் பத்தடி தள்ளி நிற்கும் நடிகை தொப்பி போட்டால் ஆண் என்று ஒப்புக்கொள்கிறோம். கேமரா முகத்துக்குக் கையெட்டும் தூரத்தில் வந்துவிட்டால் எந்தத் தொப்பியும் உதவாது. இதற்காக ஒப்பனையில் மெனக்கெட்டு மீசை, தழும்பு என்று அடுக்குவது பெரும்பாலும் வீண். நம்மை ஏமாற்ற வேண்டிய தேவையே படத்துக்கு இல்லையே! அந்த ஊர்க்காரர்கள் ஏமாறுவார்கள் என்று நாம் நம்பினால் போதும். அதற்கு உதவுபவை சின்ன விஷயங்கள்: நடை, உட்காரும் விதம், கையை எங்கே வைக்கிறாள், பார்வையை எத்தனை நேரம் தாழ்த்தாமல் வைத்திருக்கிறாள். வேலைக்காரி சீமாட்டியாக நடிக்கிறாள் என்றால் அவள் கைகளைப் பாருங்கள். கெட்டிக்கார இயக்குநர் அங்கே ஒரு கையுறையோ, கையுறை கழற்ற நேரும் ஒரு தருணமோ வைத்திருப்பார்.

அடுத்து, அவிழும் இடம். இதைப் பற்றி இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் தன் ‘கவிதையியல்’ நூலில் விவாதித்திருக்கிறார். ஒருவர் யாரென்று இன்னொருவர் அறியும் தருணங்களைத் தரம் பிரிக்கும் அவர், தழும்பு, கழுத்தணி போன்ற அடையாளப் பொருள்களைக் காட்டி அவிழ்ப்பதைக் கடைசியில் வைக்கிறார். நிகழ்ச்சிகளின் போக்கிலேயே, வேறு வழியின்றி உண்மை வெளிவருவதுதான் உயர்ந்தது என்கிறார். லாக்கெட் கீழே விழுவதையும், கூந்தல் அவிழ்ந்து தோளில் சரிவதையும் எத்தனை படங்களில் பார்த்துவிட்டோம்! அவை தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் லாக்கெட் தானாக விழுவதைவிட, யாரையோ காப்பாற்றுவதற்காக அவளே வாயைத் திறந்துவிடுவது கனமானது. தற்செயலாக அகப்பட்டவளையும் முடிவெடுத்துச் சொன்னவளையும் நாயகன் ஒரே மாதிரி பார்க்க முடியாது, நாமும்தான்.

தமிழில் இந்த வகைக்கு ஒரு விசித்திரமான, கூரான உதாரணம் 1943இல் ஜெமினி எடுத்த ‘மங்கம்மா சபதம்’. வசுந்தரா தேவி மங்கம்மா, ரஞ்சன் அப்பாவும் மகனுமாக இரட்டை வேடம். கல்யாணம் செய்து சிறையில் அடைத்து அவமானப்படுத்துகிறான் இளவரசன். உன்னிடமே ஒரு பிள்ளையைப் பெற்று அவன் கையால் உன்னைச் சவுக்கடி வாங்க வைக்கிறேன் என்பது மங்கம்மாவின் சபதம். சிறையிலிருந்து ரகசியமாக வெளியேறி, கழைக்கூத்தாடிப் பெண்ணாக வேடம் போட்டு, ஆடி அவனை மயக்குகிறாள். அவனும் தன் மனைவியிடமே மயங்குகிறான். இதைக் காதல் கதை என்பதைவிடப் பழிவாங்கும் கதை என்பதே பொருந்தும். ஆனால் ‘சொந்தப் பெண்டாட்டியை அடையாளம் தெரியவில்லையா?’ என்று அதைக் கேலி செய்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள் என்று எனக்குப் படுகிறது. அவளை அடக்க வேண்டும் என்று நினைத்தானே தவிர அவன் அவளைப் பார்த்ததே இல்லை. பார்க்காத முகம் எப்படி நினைவிருக்கும்? இந்த வகைக் கதையில் நாயகன் ஏமாறும் விதமே அவன் எப்படிப்பட்டவன் என்பதைச் சொல்லிவிடும்.

உண்மை நேரத்துக்கு வெளிவராவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சீத்தலைச் சாத்தனாரின் ‘மணிமேகலை’யைவிடக் கடுமையான பதில் கிடைப்பது அரிது. துறவு நாடும் மணிமேகலையைச் சோழ இளவரசன் உதயகுமரன் விடாமல் தொடர்கிறான். தப்பிக்க அவள் மந்திரத்தால் காயசண்டிகை என்னும் இன்னொரு பெண்ணின் உருவம் எடுத்துக்கொள்கிறாள். காயசண்டிகைக்குக் கணவன் இருக்கிறான், காஞ்சனன் என்ற விஞ்சையன், அதாவது வித்தியாதரர் என்னும் தேவகணத்தைச் சேர்ந்தவன். மனைவியைத் தேடி அவன் சோழர் தலைநகரான புகார் நகருக்கு வந்து சேர்கிறான். தன்னிடம் முகங்கொடுக்காமல் ‘மனைவி’ உதயகுமரனிடம் போய்ப் பேசுவதைப் பார்க்கிறான். அவள் சொல்லிக்கொண்டிருந்தது ஒரு நரைத்த மூதாட்டியைக் காட்டி உடலழகு நிலைக்காது என்ற அறிவுரை. அது அவன் காதில் காதல் பேச்சாக விழுகிறது. அன்றிரவு அவளைத் தேடி வந்த உதயகுமரனை வாளால் வெட்டிவிடுகிறான். ஒவ்வொருவரும் என்ன அறிந்திருந்தார்கள் என்று எழுதிப் பாருங்கள். உதயகுமரனுக்கு அவள் மணிமேகலைதானோ என்ற சந்தேகம். காஞ்சனனுக்குச் சந்தேகமே இல்லை, அவன் உறுதியாகத் தவறாக அறிந்திருக்கிறான். முழுதாக அறிந்தவள் மணிமேகலை மட்டும். பொறாமை பிடித்த கணவனுக்கும் விரட்டும் இளவரசனுக்கும் நடுவே அவள் உண்மையைச் சொல்ல ஒரு கணம்கூட இடைவெளி அமையவில்லை.

இதுவரை சொன்னதிலெல்லாம் நாம் கதாபாத்திரங்களைவிட அதிகம் அறிந்தவர்கள். எப்போதாவது ஒரு படம் நம்மையும் ஏமாறுபவர் வரிசையில் நிறுத்தும். பார்க் சான்-வூக்கின் ‘தி ஹேண்ட்மெய்டன்’ (2016, வயது வந்தோருக்கான படம்) அந்த வகை. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் நடக்கும் நாவலை, ஜப்பானிய ஆட்சியில் இருந்த 1930களின் கொரியாவுக்கு மாற்றி எடுத்தார். பிக்பாக்கெட் பெண்ணொருத்தி பணிப்பெண்ணாக வேடமிட்டுப் பணக்காரச் சீமாட்டியின் வீட்டில் நுழைகிறாள். முதல் பாகத்தில் நாம் அவளுடைய கூட்டாளி, எல்லாம் நமக்குத் தெரியும் என்ற தெம்பில் உட்கார்ந்திருக்கிறோம். இரண்டாம் பாகம் அதே நிகழ்ச்சிகளைச் சீமாட்டியின் பக்கமிருந்து காட்டுகிறது. இதற்கு மேல் சொன்னால் பார்க்கப்போகிறவர்கள் என்னைத் திட்டுவார்கள். திரைக்கதையைக் கவனிக்கப் பழகத் தொடங்கியிருப்பவர்கள் இதை இரண்டு தடவை பார்ப்பது நல்லது. முதல் தடவை கதைக்கு, இரண்டாம் தடவை நமக்கு எந்தெந்த இடத்தில் கண்ணைக் கட்டினார்கள் என்று பார்க்க.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வரலாற்றில் ஆணாக வாழ்ந்து, இறந்த பிறகே பெண்ணாகப் பிறந்தவர் என்று ஊருக்குத் தெரியவந்தவர்கள் இருக்கிறார்கள். 1865இல் இறந்த பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் ஜேம்ஸ் பாரி அவர்களில் ஒருவர். அரை நூற்றாண்டுக்கு மேல் அவர் அப்படியே வாழ்ந்தார். அதை வேடம் என்றுதான் அவரும் நினைத்தாரா? சிலருக்கு அது வேடமாக இல்லாமல் சொந்த வாழ்க்கையாகவே இருந்திருக்கலாம். காதல் படங்கள் இந்த இடத்தில் அவசரப்படுகின்றன. கடைசிக் காட்சியில் கவுனை மாட்டி, கூந்தலை அலங்கரித்து, ‘இதுதான் நிஜமான அவள்’ என்று முத்திரை குத்திவிட்டால்தான் அவற்றுக்கு நிம்மதி.

‘பன்னிரண்டாம் இரவு’ அந்த முத்திரையைக் குத்தாமலே முடிகிறது. எல்லா முடிச்சுகளும் அவிழ்ந்த பிறகு, உன்னைப் பெண் உடையில் பார்க்க வேண்டும் என்கிறார் ஓர்சினோ. அவளுடைய உடைகள் அவளைக் கரைசேர்த்த கப்பல் தலைவனிடம் இருக்கின்றன. அவனோ ஒலிவியாவின் காரியஸ்தன் மல்வோலியோ போட்ட வழக்கில் உள்ளே இருக்கிறான். மல்வோலியோ எல்லார் மீதும் கோபித்துக்கொண்டு போய்விட்டான். ஆக, உடை வந்து சேரவில்லை. ஆண் உடையில் இருக்கும்வரை சிசாரியோ என்றே கூப்பிடுகிறேன் என்று சொல்லி, அதே கோலத்தில் நிற்பவளோடு ஓர்சினோ கிளம்பிவிடுகிறார்.